போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம்

அன்பு மகளுக்கு,

அதே தூரம், அதே மாதிரி விமானம், அப்புறம் ஏன் போவதைவிட வீட்டுக்குத் திரும்பி வர அதிக நேரம் ஆகிறது என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. இனி அடிக்கடி இந்தப் பயணம் செய்யப் போகிறவள் நீ. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

காரணம் காற்றுதான். விமானங்கள் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்றோட்டம் உண்டு. நீ போவது கிழக்கே, காற்று உன்னைத் தள்ளிவிடுகிறது. வருவது மேற்கே, எதிர்த்து வர வேண்டும். உதாரணத்துக்கு, நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,550 கி.மீ. கிழக்கே போக ஏறக்குறைய 7 மணி நேரம் என்றால் மேற்கே திரும்ப 8 மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழியில் அதன் உச்ச வேகம், தரைக் கணக்கில், மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல்! ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. சுற்றியிருந்த காற்றே அதையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அதனால் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து, தூரத்தை 900 ஆல் வகுத்து இத்தனை மணி என்று முடிவு கட்டாதே. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் போய் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்காகக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி. இன்னொன்று, புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் பயண நேரம் தெரியாது.

தட்டையான வரைபடத்தைப் பார்த்தும் கணக்குப் போடாதே. உலக உருண்டையில் சான்பிரான்சிஸ்கோவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார், அலாஸ்கா பக்கமாக வளைந்து போகும். அதுதான் குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியும் எப்போதும் கிடைக்காது. 2022இல் ரஷ்ய வான்வழி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. ஊர்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன!

இவ்வளவும் சொல்வது ஒரு காரியத்துக்காகத்தான். குளிர்காலத்தில் நீ வீட்டுக்கு வரும்போது, நடுவில் விமானம் மாற ஒரு மணி நேரம் போதும் என்று டிக்கெட் போட்டுவிடாதே. எதிர்க்காற்று கொஞ்சம் கூடினாலே அது கரைந்துவிடும். மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது ரொம்ப முக்கியம். அப்படியிருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அவர்களே வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் உன் தலையில்தான். நேரடி விமானம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதிலேயே வா, நான் பணம் அனுப்புகிறேன்.

இறங்கிய மறுநாளே வேலைக்குப் போவதாகவும் ஒப்புக்கொள்ளாதே, உடம்பு தாங்காது.

சரிம்மா, டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்பு. எத்தனை மணிக்கு இறங்குவாய் என்பதை அன்றன்றைக்கு நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா