ஆறு தாள்களையும் படித்த ஐயாவுக்கு

நம் நூலகத்துக்கு வந்துபோகும் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு காலை பிள்ளைகள் கணினியில் விளையாட வரவிருக்க, நன்கொடையாக வந்த எட்டு விளையாட்டுக் கன்ட்ரோலர்களில் ஒன்றுகூடச் சனிக்கிழமை மாலை வேலை செய்யவில்லை. ஞாயிறு காலை சொன்ன நேரத்துக்குப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தய விளையாட்டில் வண்டிகள் ஓடின. அந்தக் கூச்சல் காதை விட்டுப் போகும் முன் இந்த மடலை எழுதிவிட வேண்டும்.

பூட்டும் நேரம் கடந்தும் முகம் சுளிக்காமல் காத்திருந்த நூலகர், ஒயர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பந்தல்காரர், பழைய மடிக்கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்த அண்ணன்மார் இருவர், தொலைபேசியில் ‘கன்ட்ரோலர்மேப்’ என்ற நிரலின் பெயரைச் சொல்லி வழிகாட்டிய கல்லூரி மாணவர், இரவு ஒன்பதுக்குத் தேநீர் அனுப்பிய எதிர்க்கடை அக்கா, எல்லாருக்கும் நன்றி. விளையாட்டுகள் திரையையும் ஒலியையும் கன்ட்ரோலர்களையும் கையாள உதவும் எஸ்.டி.எல். என்ற பல்லூடக நிரல் லைப்ரரியை 1998-இல் தொடங்கிய சாம் லாண்டிங்காவுக்கும், இன்றுவரை அதை வளர்த்துக் காசில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நன்றி.

இனி ஐயாவைப் பற்றி.

கன்ட்ரோலர்களைச் செருகியதும் லினக்ஸ் கண்டுகொண்டது. இவ்டெஸ்ட் நிரலில் ஒவ்வொரு அழுத்தமும் ஒரு வரியாக வந்து விழுந்தது. ஆனால் எந்தப் பொத்தான் எது, எந்தக் குச்சி இடது என்பது விளையாட்டுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வது ஒரே ஒரு வரிதான்: கருவியின் 32 இலக்க அடையாளம், அதன்பின் ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய எண். பெயர்பெற்ற கருவிகளுக்கு அந்த வரி எஸ்.டி.எல்.லுக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு நன்கொடையாக வந்த எட்டில் ஒன்றுக்குக்கூட இல்லை. வரியை உண்டாக்கித் தரும் கன்ட்ரோலர்மேப், மூலநிரலோடு வரும் ஒரு சோதனை நிரல். அதற்காக எஸ்.டி.எல். முழுவதையும் நாமே கட்ட, அதாவது மூலநிரலைக் கணினி இயக்கும் நிரலாக மாற்ற, வேண்டியிருந்தது.

மூன்று முறை கட்டினேன். மூன்று முறையும் 100 சதவீதம் என்று முடிந்தது. கன்ட்ரோலர்மேப்பைத் திறந்தால் மட்டும், காட்சிச் சாதனம் எதுவுமே இல்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. திரையோ என் முன்னால் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பஸ் ஏறி யாரிடமாவது காட்டலாம் என்று கட்டும்போது கணினி கொட்டிய வரிகள் அத்தனையையும் அச்செடுத்தேன். ஆறு தாள்கள்.

தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஐயா, “இதை யாராவது முழுதாகப் படித்தீர்களா அம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். சிவகாசி அச்சகம் ஒன்றில் காலமெல்லாம் மெய்ப்புப் பார்த்தவர் அவர். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, பென்சிலோடு படிக்கத் தொடங்கினார். நாங்கள் ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே இருந்தது.

“இந்தப் பாஷை எனக்குத் தெரியாது அம்மா. இந்தப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் வேண்டியது ஆன் என்று இருந்தால், பக்கத்திலும் ஆன் என்றே வருகிறது. ஒன்பது இடத்தில் மட்டும் வேண்டியது ஆன், வந்தது ஆஃப். இது பிழையா, அப்படித்தான் இருக்க வேண்டுமா?”

அவர் வட்டமிட்ட முதல் வரியே எக்ஸ்11. லினக்ஸ் திரையில் சன்னல் திறக்க உதவும் பகுதி அது. புதிதாக நிறுவிய டெபியனில், கட்டும்போது அதற்குத் தேவைப்படும் தலைப்புக் கோப்புகள் இல்லை. நாங்கள் கட்டிய எஸ்.டி.எல். இரண்டாம் பதிப்பு அதற்காக நின்றுவிடாமல், அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கட்டி முடித்துவிடும். மூன்றாம் பதிப்பில், திரைக்கான கோப்புகள் கிடைக்காவிட்டால் பிழை காட்டி நிறுத்திவிடுகிறார்கள். நம்மைப் போல் தவித்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். அந்தக் கோப்புகளைத் தரும் லிப்எக்ஸ்11-டெவ், லிப்எக்ஸ்எக்ஸ்ட்-டெவ் இரண்டையும் நிறுவினோம். கருவியைச் செருகுவதையும் பிடுங்குவதையும் உடனுக்குடன் அறிய உதவும் லிப்யூடெவ்-டெவ்வும் அவருடைய வட்டங்களில் ஒன்றால்தான் கண்ணில் பட்டது. நான்காம் முறை கட்டியபோது, கன்ட்ரோலரின் படத்தோடு சன்னல் திறந்தது. ஐயா அதற்குள் கடைசிப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அந்த வரி மூன்று முறை என் கண்முன் ஓடியிருக்கிறது. முடிவில் வரும் 100 சதவீதத்துக்காகக் காத்திருந்தவள் நடுவில் வந்ததைப் பார்க்கவே இல்லை. படிக்கவே தெரியாதவளைப் போல உட்கார்ந்திருந்திருக்கிறேன், அதுவும் ஒரு நூலகத்தில். தெரியாத பாஷையையும் எழுத்து விடாமல் படிக்கும் அந்தப் பொறுமையை நான் கற்றுக்கொள்ள வேண்டும். இனி யார் என்னிடம் இப்படிப்பட்ட தாள்களைக் கொண்டுவந்தாலும் முதல் வரியிலிருந்து படிப்பேன். இதை உங்கள் எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவைக்கிறேன். நாங்கள் உண்டாக்கிய வரிகளையும், இதே கருவிகளை வைத்துக்கொண்டு எங்கோ தவிப்பவர்களுக்காக, எல்லாருக்கும் பொதுவான தொகுப்புக்கு இந்த வாரமே அனுப்புகிறேன்.

ஐயா, ஏழு கருவிகளுக்கு வரி தயார். எட்டாவதை நீங்கள் வந்துதான் அழுத்த வேண்டும் என்று பிள்ளைகள் யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை செய்தித்தாள் படித்து முடித்ததும் உள் அறைக்கு வாருங்கள். பென்சிலும் ஸ்கேலும் மேசைமேல் இருக்கும்.