மொட்டை மரம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு வாரமாக வாட்ஸாப்பில் சுற்றும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் நர்சரிக்குப் பராமரிப்புக்கு வந்து போன அரச மரப் போன்சாய் (பெரிய மரத்தின் தோற்றத்தில் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்), ஒரு இலைகூட இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கிறது. 'நல்லா இருந்த மரத்தை மொட்டையடிச்சு, அதுக்குக் காசும் வாங்கிட்டாங்க' என்று கீழே ஒரு வரி. நேரில் வந்தும் போனிலும் விசாரித்தவர்களுக்கு நன்றி. கேட்கத் தயங்கியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

மரம் சாகவில்லை. இலைகளை நாங்கள்தான் வெட்டினோம், வேண்டுமென்றே. ஒன்றரை அடி போன்சாயில் உள்ளங்கை அகலத்துக்கு அரச இலை தொங்கினால் அது மரமாகவே தெரியாது, தொட்டியில் நட்ட கன்று போலிருக்கும். அதனால் கோடை பிறந்ததும் ஒவ்வொரு இலையாக, பாதிக் காம்பை விட்டுக் கத்தரிக்கிறோம். பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கையால் உருவினால் பத்து நிமிட வேலைதான். ஆனால் காம்படியில் இருக்கும் மொட்டும் சேர்ந்து பிய்ந்துவிடும், பிறகு எங்கிருந்து துளிர்க்கும்? விட்டுவைத்த காம்பு பழுத்துத் தானாக விழும். நல்ல வெயில் இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் புது இலை விரியும், பழையதைவிடச் சிறிதாக. அடுத்த கோடையில் மறுபடி செய்ய வேண்டிவரும்.

அந்த 'காசும் வாங்கிட்டாங்க' என்பதுதான் உறுத்துகிறது. ஒரு மரத்துக்கு அரை நாள் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை இது. நலிந்த மரத்திலும், புதிதாக மண் மாற்றிய மரத்திலும் கத்தரி வைக்கவே மாட்டோம். அப்படிப்பட்ட மரத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கும் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். படம் போட்டவர் மேல் வருத்தமில்லை. மரத்தை எடுத்துப் போகும்போது சொன்னதைக் கொஞ்சம் காதில் வாங்கியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பாவமே என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலையில்லாத மரம் அவ்வளவு குடிக்காது, வேர் அழுகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நிழலில் வைத்தால் இலை மறுபடி பெரிதாகத்தான் வரும். துளிர் முற்றும்வரை யூரியா பக்கமே போக வேண்டாம்.

ஊட்டிப் பக்கமிருந்து வில்லோ என்ற குளிர்ப்பிரதேச மரத்தின் போன்சாயைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை முழு மொட்டை அடிக்கச் சொல்லாதீர்கள். சும்மாவே உள்கிளைகளைக் காயவிடும் மரம் அது. பெரிய இலைகளை மட்டும் எடுத்து, நுனி கிள்ளித் தருகிறோம்.

படத்துக்குக் கீழேயே 'எங்க ஆலமரமும் போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப பாருங்க' என்று இன்றைய படத்தைப் போட்டு எங்களுக்காகப் பேசிய வாடிக்கையாளருக்கு: அதை மறக்க மாட்டோம். நர்சரிக்கு வரும்போது உங்களுக்கு ஒரு டீ எங்கள் கணக்கில்.

சித்திரை முதல் பராமரிப்புக் கட்டணம் சற்று மாறுகிறது, விவரம் ரசீதில் இருக்கும். மரத்தை எடுக்க வருபவர்கள் பழைய ரசீதைக் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
நர்சரி உரிமையாளர்