தண்ணியில்லாக் காட்டிலிருந்து

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் ஆசிரியை வேலை என்றதும் அப்படிச் சந்தோஷம் எனக்கு. அடுத்த வரியிலேயே, 'தண்ணியில்லாக் காட்டுக்குப் போகிறாளே' என்று வீட்டில் புலம்புவதாக எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூர்க்காரர்கள் சொன்னால் சரி. கமுதியில் பிறந்து ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நீயுமா தலையாட்டினாய்?

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் கண்மாய்க் கரைக்கு நடையைக் கட்டினேன். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சின்ன வயதில் கேட்டிருப்போமே, அதுதான். நாரையே ஒரு மூச்சில் தாண்ட முடியாத அகலமாம். ஆவணியில் தண்ணீர் ஏது? உள்வாயெல்லாம் சீமைக்கருவேல், தள்ளி ஒரு கரிமூட்டப் புகை. வயல்களில் புழுதி விதைப்பை முடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் சீமையில் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தரையோ கடலைப் பார்த்து லேசாகச் சரிந்து கிடக்கிறது. விட்டால் பெய்ததெல்லாம் கடலுக்குத்தான். அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, மேல் கண்மாய் நிரம்பி மறுகால் வழிந்து போனால் கீழ்க் கண்மாய் நிறையும்படி கோத்து வைத்தார்கள். வைகையையே விட்டுவைக்கவில்லையே! வருசநாட்டு மலையில் புறப்பட்டு அத்தனை தூரம் வந்தும், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் மடக்கிவிட்டார்கள். மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்கிற ஊரில் கடலைப் பார்க்கும். சிவனுக்கு நஞ்சு தந்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ஒதுங்கிக்கொண்டதாக ஒரு பழம்பாட்டு உண்டு. அழகுதான். ஆனால் கரைக்கு மண் சுமந்தவன் பெயரையும் அந்தப் புலவர் சேர்த்துப் பாடியிருக்கலாம்.

குடிதண்ணீர்க் கஷ்டம் பொய்யில்லை. பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. வராத நாளில் குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அலைகிறோம். மகளிடம் இதை மறைக்காதே.

அப்புறம், நாம் பள்ளிக்கூடத்தில் வரைந்த மாவட்டப் படம் ஞாபகம் இருக்கிறதா? 1910ல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் வெட்டி எடுத்து ஒட்டிய மாவட்டம்; மேற்கே ராஜபாளையத்து மலைக்கு நீ பச்சை தீட்டுவாய். 1985ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தபோது மலை அவர்கள் பங்குக்குப் போயிற்று. நமக்குக் கடலும் கண்மாயும்.

கல்யாண ஊரிலிருந்து இரண்டு கிலோ முண்டு மிளகாய் வாங்கி வந்தேன். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வியாபாரி பேச்சே தனி! ஒரு கிலோ உனக்கு. மகளை வேலையில் சேர்க்க வரும்போது நீயும் வா. முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் மூவருமாகப் போவோம்.

அன்புடன்,
சேது