சண்முகத்துக்கு, உன் மச்சான் இழந்த பணம் பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான், அதுவரை இதே மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்தான் என்று நினைக்கிறேன்.

சரி, உன் மச்சான் விஷயம். வாழ்நாள் முழுக்க பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனிதர், ஓய்வூதியப் பணத்தை இப்படிப் பறிகொடுத்துவிட்டு வெளியே முகம் காட்டாமல் இருக்கிறார் என்று படித்தபோது மனது கனத்துப்போனது. போலீஸ் வேஷம் போட்டவன் வீடியோ காலில் 'உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பறித்த பணம் அது. அப்படி ஒரு கைது இந்திய சட்டத்தில் எங்கேயும் கிடையாது, ஆனால் அது தெரியாமல் போனதை அவருடைய குற்றமாக யாரும் சொல்லிவிட வேண்டாம். வீடியோ காலில் சீருடை, பின்னால் சிபிஐ சின்னம், ஆதார் எண்ணை முழுசாகச் சொல்லி மிரட்டுகிற குரல், நாள் முழுக்க போனை வைக்கவிடாத நெருக்கடி. டாக்டர்களும் வங்கி மேலாளர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்குப்படி 2024இல் மட்டும் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய வருடம் 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு.

ஆனால் 'போலீஸ் நினைத்தால் பிடிக்க முடியாதா, நினைப்பதில்லை' என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீண்ட பதில். வேறு யாராவது கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நீ கேட்டதால் சொல்கிறேன்.

உன் மச்சான் பணம் அனுப்பியது மத்தியானம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் போட்டது மறுநாள் காலை. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று இதே மாதிரி வழக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர் அனுப்பியது பெரும்பாலும் வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு துணிக்கடை பெயரில் இருக்கும் நடப்புக் கணக்குக்கு. போய்ப் பார்த்தால் அந்த முகவரியில் பூட்டிய ஷட்டர்தான் இருக்கும், கடை இருக்காது. பணம் அங்கே விழுந்த சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து கணக்குகளுக்குப் பிரிந்துவிடும், அந்த ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் பல கணக்குகளுக்கு. கொஞ்சத்தை ஏடிஎம்மில் எடுப்பான், கொஞ்சத்தை செக் போட்டு எடுப்பான், மிச்சம் கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டே போய்விடும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930க்குச் சொல்லுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். உடனே சொன்னால் எங்கேயாவது ஒரு கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க முடியும்.

அதற்கப்புறம் எங்கள் வேலை. ஒவ்வொரு வங்கிக்கும் பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்: கணக்கு யாருடையது, என்ன ஆவணம் கொடுத்தான், எந்த இணைய முகவரியிலிருந்து (ஐ.பி.) கணக்குக்குள் வந்தான், எந்த ஏடிஎம்மில் எடுத்தான். சில வங்கிகள் மறுநாளே பதில் தருகின்றன. ஒரு வங்கியிடமிருந்து ஏடிஎம் கேமரா பதிவைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் வந்த பதில் 'பதிவு அழிந்துவிட்டது'. அந்த வழக்கில் பணத்தை எடுத்தவனின் முகம் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தது.

இன்னொன்று வெளியே யாருக்கும் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 78ஆம் பிரிவுப்படி அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். என்னைப் போன்ற எஸ்.ஐ.க்கள் நோட்டீஸ் தயார் பண்ணலாம், பின்னால் அலையலாம், ஆனால் வழக்கின் விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர்தான். ஸ்டேஷனில் இருப்பது ஒரு இன்ஸ்பெக்டர். மேஜையில் குவிகிற புகார்களை நினைத்துப் பார். 2008 திருத்தத்துக்கு முன்னால் டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும் என்று இருந்தது, அதிலிருந்து ஒரு படி இறங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் பந்தோபஸ்து. நம் தென் மாவட்டங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 11 என்றால் பரமக்குடி, அக்டோபர் 30 என்றால் பசும்பொன், சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரை. நடுவில் விநாயகர் ஊர்வலம், தேர்தல், தலைவர்கள் வருகை. எல்லாம் தேவையான பாதுகாப்புதான், ஒரு சின்னக் கைகலப்பு ஊரையே கொளுத்திவிடும் என்று தெரிந்த மண் இது. ஆனால் டிரான்ஸாக்ஷன் விவரங்களை வரிவரியாகக் கோத்து, பணம் எந்த வழியாகப் போனது என்று படம் போடக் கற்றுக்கொண்ட ஒரு காவலரை எடுத்து, வெயிலில் பேரிகேட் பக்கத்தில் நிற்கவைத்தால் அந்த வாரம் முழுக்க அந்த வழக்கு அப்படியே நிற்கும். எங்கள் ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் இருக்கிறார், கணிப்பொறி படித்துவிட்டு வேலைக்கு வந்தவர், எக்செல்லில் அவர் வேகத்துக்கு இன்ஸ்பெக்டரே அசந்துபோவார். அவர் பந்தோபஸ்து போய்விட்டு மறுநாள் காலை வந்து, கால் வீங்கி, ஷூவைக் கழற்றாமலே சிஸ்டம் முன்னால் உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு வழி யாருக்கும் தெரியாமல் இல்லை, சண்முகம். பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற டிஜிபி 1996இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று தீர்ப்புச் சொன்னது. அதில் ஒரு உத்தரவு, குற்ற விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரித்துத் தனித்தனி ஆட்களிடம் கொடுக்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவரைக் குறைந்தது இரண்டு வருடமாவது மாற்றக் கூடாது என்பது. தமிழ்நாட்டில் 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. ஆனால் ஸ்டேஷன் அளவில் பார்த்தால், கொலை வழக்குக்கு டைரி எழுதுகிற கையேதான் ஊர்வலத்துக்கு லத்தியும் பிடிக்கிறது. நம் மாவட்டங்களின் காவல் துறைக்கு அடிப்படைச் சட்டம் இன்றைக்கும் 1859இல் வெள்ளைக்காரன் போட்டதுதான். கூட்டத்தை அடக்குவதற்காக அவன் கட்டிய அமைப்பு அது. என்னைக் கேட்டால், ஆள் குறைவு, வண்டி குறைவு என்பதை எல்லாம் விட முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். விசாரிக்கத் தெரிந்தவனை விசாரிக்க மட்டும் விட வேண்டும்.

ஒரு வழக்கில் வடமாநிலத்துக்குப் போனோம். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, பயணச் செலவை எப்போதும் போல முதலில் கைக்காசில் போட்டோம். உள்ளூர் ஸ்டேஷனில் போய் உதவி கேட்டால் அவர்களுக்கும் அவர்கள் பிரச்சினை, மொழி வேறு இடித்தது. கடைசியில் கணக்குக்குச் சொந்தக்காரனைப் பிடித்தோம். மீசைகூட சரியாக முளைக்காத பையன். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்து யாரோ ஒருவனுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறான். வாங்கியவன் பெயர் தெரியாது, டெலிகிராமில் பேசியதோடு சரி. அவன் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்குப் புரியாத மொழியில். அவனை ரிமாண்ட் பண்ணினோம், பேப்பரில் 'மோசடி ஆசாமி கைது' என்று வந்தது. ஆனால் போன் பேசியவன், பணத்தை அனுபவித்தவன் இருவரையும் நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பேசியவர்களில் பலர் இந்தியாவிலேயே இல்லை. தாய்லாந்து எல்லையை ஒட்டி மியான்மரில் மியாவடி என்ற இடம், அங்கே கே.கே. பார்க் மாதிரி மதில் கட்டிய வளாகங்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்கு விமானம் ஏறிய நம் பையன்களை அங்கே அடைத்துவைத்து, போனில் ஏமாற்ற ஆள் பிடிக்காவிட்டால் அடிக்கிறார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னைக்கு வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் அனுப்பி 500 பேருக்கு மேல் அழைத்துவந்தார்கள். அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஆயுதக் குழுக்களின் கைதான் ஓங்கியிருந்தது. மியான்மர் அரசுக்கு நாம் கடிதம் எழுதினாலும் அந்த அரசின் பேச்சு அங்கே பெரிதாக எடுபடவில்லை. ஒரு மாவட்ட ஸ்டேஷனிலிருந்து நான் என்ன செய்ய? ஆனால் அந்தப் பையன்களை இங்கிருந்து அனுப்பிய ஏஜென்ட் நம் ஊர்க்காரன், அவனைப் பிடிக்க முடியும், பிடித்தும் இருக்கிறார்கள். அதில் இன்னும் முனைப்பு வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன். உன் மச்சான் ஏன் ஒரு ராத்திரி முழுக்கத் தயங்கினார்? ஸ்டேஷனுக்குப் போனால் என்ன கேட்பார்களோ என்ற பயம் என்று நீயே எழுதியிருக்கிறாய். 2020இல் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் எங்கள் ஆட்கள் அடித்துச் செத்த பிறகு அந்தப் பயத்தைத் தவறு என்று எந்த முகத்தோடு சொல்ல முடியும்? போலியான ஒரு போலீஸ்காரன் வீடியோவில் மிரட்டினால் படித்தவர்கூட நடுங்குகிறார் என்றால், உண்மையான போலீஸ் அப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஜனங்கள் நம்புவதால்தான். இதைச் சொன்னால் எங்கள் டிபார்ட்மென்டில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

இப்போது அவர் செய்ய வேண்டியது. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்கிறதா என்று பார். 1930இல் கொடுத்த புகாரின் ஒப்புகை எண்ணை வைத்து எந்தெந்த வங்கியில் எவ்வளவு நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்கச் சொல். நிறுத்திய தொகை பெரியது என்றால் தானாகத் திரும்பி வராது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். 503இன் கீழ் மனுப் போட வேண்டும், ஆணை வந்ததும் வங்கி விடுவிக்கும். முழுப் பணமும் வரும் என்று நம்பிக்கை கொடுக்காதே, நிறுத்திய அளவுக்குத்தான் கிடைக்கும். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது போன் பண்ணினால் எடுக்கவே வேண்டாம், ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டம் இறங்கும். நம்பிக்கையான வக்கீல் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுது, விசாரித்துச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நானே பேசுகிறேன், எப்போது வசதி என்று கேட்டு வை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்