மாடிப்படிக்குக் கீழே ஒரு டிரம்ஸ்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டிஷ் ராக் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் லெட் செப்லின் குழு என்று வந்ததும் எழுதியவர் ஜிம்மி பேஜின் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவே இல்லை. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹமுக்கு ஒரு வரிகூடவா கிடையாது? கட்டுரையாளரை அவர்களுடைய 'வென் தி லெவீ பிரேக்ஸ்' (கரை உடையும்போது) பாட்டை நல்ல ஹெட்போனில் ஒருதரம் கேட்கச் சொல்லுங்கள். (போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பாதிச் சத்தம் அதற்குள்ளேயே செத்துப்போகும்.)

1971இல் வந்த நான்காவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது, ஏழு நிமிடம் ஓடும். தொடங்குவதே வெறும் டிரம்ஸில்தான், அதுவும் யாரோ பெரிய வீட்டின் சுவரை நிதானமாக இடிப்பதுபோல. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் டிரம்ஸைப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டார். அப்புறம் கொஞ்சம் எக்கோ, அவ்வளவுதான். பதிவின் வேகத்தையும் சற்றுக் குறைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஒவ்வொரு அடியும் அத்தனை கனமாக வந்து விழுகிறது. நாம் கேட்பது டிரம்ஸை மட்டுமல்ல, அந்த வீட்டையும்தான்.

மூலப் பாட்டு 1929இல் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கலைஞர்கள் கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் பதிவு செய்தது, 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது. இரண்டு கிட்டார், ஒரு குரல், கிட்டத்தட்ட துள்ளலாகவே போகும். செப்லின்காரர்கள் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் மின்னியின் பெயரையும் சேர்த்துப் போட்டார்கள் (வேறு சில ப்ளூஸ் பாட்டுகளில் அந்த நல்ல புத்தி வழக்குக்குப் பிறகுதான் வந்தது, அது தனிக்கதை), ஆனால் துள்ளலை எடுத்துவிட்டு வெள்ளத்தையே உள்ளே விட்டுவிட்டார்கள். கிட்டார் பெரும்பாலும் ஒரே சுருதியில் தம்புரா மாதிரி இரைந்துகொண்டே இருக்கிறது, பாடகர் ராபர்ட் பிளாண்டின் மவுத் ஆர்கனுக்கு எக்கோவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், அதாவது எதிரொலி முன்னால் வருகிறது, ஊதல் பின்னால் வருகிறது. இத்தனைக்கும் நடுவில் பான்ஹம் அவசரப்படவே இல்லை. வித்தை காட்டக்கூடிய ஆள் காட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

மேடையில் இதை 1975 அமெரிக்கப் பயணத்தில் சில தடவை வாசித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சரிதான், மாடிப்படியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா?

இப்படிக்கு,
பழைய வாசகன் ஒருவன்