பட்டியலிலிருந்து நீங்கிய குளோவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருகிவரும் உயிரினங்கள் என்றதும் புலி, யானை பற்றியே எழுதுகிறோம். ஒரு சிறு செடிக்கும் இடம் தர வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ, கென்டகி, மேற்கு வர்ஜீனியா பகுதிகளின் மண்ணுக்குரியது 'ரன்னிங் பஃபலோ குளோவர்' என்ற மூவிலைச் செடி. 1940-க்குப் பின் அழிந்தே போனதாகக் கருதப்பட்டு, 1980-களில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1987-ல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது, 2021-ல் நீக்கப்பட்டது. புல்வெளிகளில் மண்டும் சாதாரண வெள்ளைக் குளோவர் போலத்தான் இருக்கும். ஆனால் இதன் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே, அதே தண்டில், மும்மூன்று சிற்றிலைகள் கொண்ட இரண்டு இலைகள் எதிரெதிரே நிற்கும்.

காட்டெருமைகள் மிதித்து நடந்த தடங்களில், பாதி நிழலில் செழித்த செடி இது. வேலி போட்டு அப்படியே விட்டால் மரங்கள் அடர்ந்து வெயில் மறைய, நலிந்துவிடும். அளவான மிதிபாடும் புல்வெட்டும் தேவை. பட்டியலிலிருந்து நீங்கியது மகிழ்ச்சியே. ஆனாலும் பூண்டுக் கடுகு போன்ற அயல் களைகள் இன்னும் நெருக்குகின்றன. சட்டப்படி குறைந்தது 5 ஆண்டுக் கண்காணிப்பு உண்டு. அது போதாது, தொடர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சின்சினாட்டி