கட்டணம் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்

கோலாலம்பூரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பன்னாட்டுப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் சேர்க்கைப் பிரிவில் இருப்பவர்களுக்கும், சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு பெரியப்பாவின் வணக்கம்.

தமிழில் எழுதினால் உங்களுக்குப் போய்ச் சேருமா என்ற கவலை எனக்கில்லை. என் தம்பி அங்கே பள்ளி தேடி அலைந்தபோது, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை எல்லாம் அழகான தமிழில் விளக்கியவர்கள் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் படித்துச் சொல்லட்டும்.

ஊர் திரும்பிய தன் மகள் இங்கே பிளஸ் ஒன்னில் சேர முடியாமல் தவிப்பதைச் சொல்லித் தம்பி எழுதியதற்கு, போன வாரம் அவள் படித்த உங்கள் பள்ளியிலிருந்து பதில் வந்தது. “இந்தியப் பள்ளிகளின் சேர்க்கை விதிகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல்.

விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரியான ஐஜிசிஎஸ்இ தேர்வு மே, ஜூனில் நடக்கிறது, முடிவு ஆகஸ்டில் வருகிறது. இங்கே பத்தாம் வகுப்பு முடிவு மே மாதமே வந்து, ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிவிடும். வேலை ஒப்பந்தம் முடிந்து தம்பி குடும்பத்தோடு ஊர் திரும்பினான். மகள் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு விமானம் ஏறினாள். கையில் மதிப்பெண் பட்டியல் இல்லை.

சேலத்தில் ஒரு பள்ளி இரக்கப்பட்டு, “மார்க் வரட்டும், அதுவரை உட்காரட்டும்” என்று சொன்னது. அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. அரசின் மாணவர் பதிவுக்கான எமிஸ் எண் இல்லை. ஆசிரியை ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டு இவளைத் தாண்டிப் போய்விடுகிறார். லேப் குழு பிரித்தபோது இவளை எதிலும் சேர்க்கவில்லை. முதல் தேர்வில் கேள்வித்தாள் கொடுத்தார்கள், விடைத்தாளைத் திருத்தவில்லை. எந்தப் பட்டியலில் மார்க் போடுவது? போதாததற்கு, நீங்கள் கொடுத்த சான்றிதழில் ‘இயர் 11 முடித்தார்’ என்று இருக்கிறது. அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, “அப்போ பிளஸ் டூவுக்கா வந்திருக்கீங்க?” என்று கேட்டார்கள். ஐந்து வயதிலேயே உங்கள் இயர் 1 தொடங்கிவிடுவதால் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக வருகிறது என்று ஒவ்வொரு மேசையிலும் தம்பி நின்று விளக்க வேண்டியிருந்தது. அடுத்த மேசையில் வேறு கேள்வி: “பயோ-மேத்ஸ் கேட்கிறீங்க, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி தனித்தனியா எங்கே?” அவள் எடுத்தது மூன்றையும் சேர்த்துப் படிக்கும் கோஆர்டினேட்டட் சயின்ஸ். அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது உங்கள் பள்ளிதான். ஊர் திரும்பப் போகிற குடும்பம் என்று அப்போதே அவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். கட்டணம் வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேர்வு எந்த மாதம், முடிவு எந்த மாதம், எந்தப் பாடம் எடுத்தால் இந்தியாவில் எந்தக் கதவு திறக்கும் என்பது அதில் இருக்கட்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐஜிசிஎஸ்இயைப் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்க, குறைந்தது 5 பாடங்களில் ஏ ஸ்டார் முதல் சி வரையிலான தரம் கேட்கிறது என்பதும் இருக்கட்டும். பள்ளியைச் சுற்றிக் காட்டும் நாளில் நீச்சல் குளத்தின் நீளத்தை மீட்டர் கணக்கில் சொன்னீர்கள். ரிசல்ட் ஆகஸ்டில் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

பணத்தையும் அதே தாளில் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பஸ், சீருடை, தேர்வுக் கட்டணம், ஆங்கிலம் போதாது என்றால் அதற்குத் தனி. ஒரு பருவம் முன்னால் சொல்லாமல் விலகினால் வைப்புத்தொகை போச்சு. 2025 ஜூலையிலிருந்து ஆண்டுக் கட்டணம் 60,000 ரிங்கிட்டைத் தாண்டினால் 6 சதவீத சேவை வரி வேறு. வரி அரசாங்கத்தின் வேலை, ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உங்களுடையது.

எங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. மேலே ஏற்காட்டில், 1917இல் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக மான்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். குளிருக்கும் காப்பித் தோட்டத்துக்கும் நடுவே பிரிட்டிஷ் படிப்பு வீடு தேடி வந்த மலை அது. இன்றைக்கு அதே படிப்புக்காக நாங்கள் கடல் தாண்டிப் போய் ரிங்கிட்டில் கட்டுகிறோம். முன்னேற்றம்தான்!

கிண்டலை மன்னியுங்கள். பாடம் நடத்துவதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை தயங்காமல் கேள்வி கேட்கிறாள், நான்கு பக்கம் சொந்தமாக எழுதுகிறாள். பிளஸ் டூவுக்கு இணையான ஏ லெவல் வரை அங்கேயே இருக்கப் போகிற குடும்பத்துக்கு உங்கள் பள்ளி நல்ல தேர்வு என்றே நானும் சொல்வேன். நடுவில் ஊர் திரும்புகிறவர்களுக்குக் கோலாலம்பூரிலேயே சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறது. இந்தத் தாள் கையில் இருந்தால் எது தனக்குச் சரி என்று அவரவரே பார்த்துக்கொள்வார்கள். சேர்க்கை எண்ணிக்கை குறையும் என்று பயமா?

வழியும் இல்லாமல் இல்லை. இந்தியாவில் உள்ள பள்ளிகளுக்கென்று, ஐஜிசிஎஸ்இ நடத்தும் கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு மார்ச்சிலேயே தேர்வு வைக்கிறது; இங்குள்ள காலண்டர் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அக்டோபர், நவம்பர் தேர்வு எழுதினால் ஜனவரியில் முடிவு வந்துவிடும். திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் பிள்ளைகளை அந்தத் தேர்வுக்குத் தயார்செய்ய முடியுமா என்று பாருங்கள். அது முடியாவிட்டால், எதிர்பார்க்கும் தரத்தைக் குறிப்பிட்டு, ‘இந்திய முறையில் இது பத்தாம் வகுப்பு’ என்ற வரியையும் சேர்த்து, முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதமாவது தாருங்கள்.

செப்டம்பர் சேர்க்கைக்காக எங்கள் தெருவிலிருந்தே இன்னொரு குடும்பம் உங்களில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கிறது. பையன் இயர் 10இல் சேரப் போகிறான். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவார்கள். முன்பணம் கட்டச் சொல்லி உங்கள் மின்னஞ்சல் அவர்களுக்கு வந்துவிட்டது. தயவுசெய்து அடுத்த மின்னஞ்சலில் அந்த ஒரு தாளை அனுப்பி வையுங்கள். பணத்தை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பெரியப்பா
அஸ்தம்பட்டி, சேலம்